முதல் பேரக்குழந்தை: தாத்தா கற்றுக்கொள்ள வேண்டிய வேலைகள்

தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்ற வழக்கம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. வளைகாப்பு முடிந்து மகள் வந்து இறங்கும் நாளிலிருந்து, குழந்தையோடு அவளைக் கொண்டுபோய் விடும் வரை ஐந்தாறு மாதம் ஆகிவிடும். அந்த மாதங்களில் பாட்டிக்கு என்ன வேலை என்று எல்லாருக்கும் தெரியும். தாத்தாவுக்கு? ஆஸ்பத்திரி பில் கட்டுவது, பிறந்த நேரத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்வது, சம்பந்தி வீட்டுக்குப் போன் போடுவது. அதோடு முடிந்தது. பிறகு திண்ணையில் பேப்பரோடு உட்கார்ந்து "காபி ஆச்சா?" என்று குரல் கொடுப்பார்.

அறுபதை ஒட்டிய வயதில் தாத்தா ஆகிறவர் மாற வேண்டியது அந்தத் திண்ணையிலிருந்துதான். வீட்டுக்குள் பாட்டி இரண்டு பேரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்: தையல் போட்ட உடம்போடு படுத்திருக்கும் மகள், இரண்டு மணிக்கு ஒருதரம் விழிக்கும் குழந்தை. மூன்றாவது ஆளாக நாமும் அவள் தலையில் ஏறக் கூடாது. அப்பாவாக இருந்த அனுபவம் கைகொடுக்கும் என்று நினைப்போம், பெரிதாகக் கொடுக்காது. முப்பது வருடத்துக்கு முன் நம்மில் பெரும்பாலோர் வேலை முடிந்து வந்து, தூங்குகிற பிள்ளையை எட்டிப் பார்த்தவர்கள்தானே. புதிதாகப் படிக்கிறோம் என்றே வைத்துக்கொள்வோம்.

முதலில் நம் உடம்பு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் "பீடி இருமல்தான்" என்று தள்ளாமல் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். இலவசம்தான். பெரியவர் நெஞ்சில் மெதுவாக இருக்கும் காசநோய், பச்சிளம் குழந்தைக்குத் தொற்றினால் மூளை வரை போகும். கக்குவான் இருமல் இன்னொன்று. நமக்கு அது சில வாரம் இழுக்கும் வறட்டு இருமல். முதல் தடுப்பூசிக்கான ஆறு வாரம் ஆகாத குழந்தைக்கு மூச்சே நின்றுபோகலாம். கக்குவானைத் தடுக்கப் பெரியவர்களுக்கான டிடாப் ஊசி தனியார் மருத்துவமனைகளில் கிடைக்கும். பிரசவத் தேதிக்கு இரண்டு வாரமாவது முன்னால் தாத்தாவும் பாட்டியும் போட்டுக்கொள்வது நல்லது. புகை பிடிக்கிறவர் வாசலுக்கு வெளியே பிடித்துவிட்டு வந்தாலும் சட்டையிலும் மீசையிலும் அது ஒட்டியிருக்கும். கை, முகம் கழுவி, சட்டையை மாற்றிய பிறகுதான் குழந்தையைத் தூக்க வேண்டும். ஒரு நாளைக்கு எட்டுத் தடவை சட்டை மாற்றிப் பார்க்கிறவர் தானாகவே குறைத்துவிடுவார்.

முழங்காலையும் கவனியுங்கள். குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு தரையிலிருந்து எழும்போதுதான் தாத்தாக்கள் தடுமாறுகிறார்கள். எழுந்து நின்று வாங்காதீர்கள். கைப்பிடி உள்ள நாற்காலியில் உட்கார்ந்த பிறகு குழந்தையை மடியில் கொடுக்கச் சொல்லுங்கள். வேட்டி கட்டியிருந்தால் மாடிப்படியில் குழந்தையோடு ஏறவே வேண்டாம். இரண்டு கையிலும் குழந்தை இருக்கும்போது வேட்டியைத் தூக்கிப் பிடிக்க மூன்றாவது கை கிடையாது.

அந்த வேட்டிக்கு வேறு பயன் உண்டு. பத்து வருடம் துவைத்துத் துவைத்து மெலிந்த நாலு முழ வேட்டி, குழந்தைக்குக் கட்டும் துணிக்கு அருமையானது. புதுத் துணியில் கஞ்சி இருக்கும், ஈரத்தை இழுக்காது. கரையைக் கிழித்தெடுத்துவிட்டு இரண்டடிச் சதுரமாக வெட்டினால் ஒரு வேட்டியில் ஆறு துணி தேறும். முதல் மாதத்தில் ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து துணி போகும். மழைக்காலம் என்றால் ஒரு நாள் துணி காய இரண்டு நாள் ஆகும். ஆகவே நாற்பதாவது கைவசம் இருக்க வேண்டும். ஏழு வேட்டி கணக்கு. துவைக்கிற வேலையை நாமே எடுத்துக்கொள்ளலாம். மலம் பட்டதைத் தனியாக அலசி, மென்மையான சோப்பில் துவைத்து, சோப்பு வாடை போகும் வரை மூன்று தண்ணீரில் அலசி வெயிலில் போட வேண்டும். டெட்டால் ஊற்றி ஊறவைத்தால் அதன் மிச்சம் துணியில் தங்கி, குழந்தையின் தொடை சிவந்து போகும்.

ஆஸ்பத்திரியில் முதல் மூன்று நாள்

குழந்தையை வெளியே கொண்டுவந்து காட்டியதும் "சேனை யார் வைக்கிறது?" என்று பேச்சு எழும். நல்ல குணமுள்ள பெரியவர் தேனையோ சர்க்கரைத் தண்ணீரையோ குழந்தையின் நாக்கில் தொட்டு வைத்தால் அவர் குணம் வரும் என்பது நம்பிக்கை. அந்தப் பெரியவர் பெரும்பாலும் தாத்தாவாகத்தான் இருப்பார். பெருமையாகத்தான் இருக்கும், ஆனாலும் மறுத்துவிடுங்கள். தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்து, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு உண்டாக்கும். தசை தளர்ந்து, பால் உறிஞ்சக்கூட முடியாமல் போகும். சர்க்கரைத் தண்ணீர் வயிற்றை நிரப்பி, முதல் ஒரு மணி நேரத்துக்குள் போக வேண்டிய சீம்பாலைத் தள்ளிப்போடும். மற்றவர் சொன்னால் சண்டை வரும். சேனை வைக்க உரிமையுள்ள தாத்தாவே "வேண்டாம், தலையைத் தொட்டு ஆசீர்வாதம் பண்ணிக்கிறேன்" என்று சொன்னால் அங்கே யாரும் வாய் திறக்க மாட்டார்கள். புது தாத்தா செய்யக்கூடிய முதல் உருப்படியான காரியம் இது என்பேன்.

இரண்டாம் நாள் "பாலே வரல, பவுடர் டின் வாங்கிட்டு வாங்க" என்பார்கள். மெடிக்கலுக்கு ஓடுகிற ஆள் நாம்தான் என்பதால் இந்தக் கணக்கு நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். முதல் நாட்களில் சீம்பால் சில ஸ்பூன்தான் வரும். குழந்தையின் வயிறும் அவ்வளவுதான். பால் போதுகிறதா என்பதை மூத்திரத்தை வைத்துச் சொல்லிவிடலாம். முதல் நாள் ஒரு தடவை, இரண்டாம் நாள் இரண்டு என்று ஏறி, ஆறாம் நாளிலிருந்து ஆறு தடவைக்குக் குறையாமல் போக வேண்டும். மலம் முதலில் தார் போலக் கறுப்பாக இருக்கும், பிறகு பச்சை, நான்கைந்து நாளில் மஞ்சள். எடை முதல் வாரத்தில் பத்து சதவீதம் வரை குறைந்து, இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பும். மூன்று கிலோவில் பிறந்தது 2.750 என்று காட்டினால் பதற வேண்டாம், 2.700-க்குக் கீழே போனால் டாக்டரிடம் கேளுங்கள்.

இதையெல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைக்கும் வேலை தாத்தாவுக்கு ரொம்பப் பொருந்தும். பால் குடித்த நேரம், மூத்திரம், மலம், மூன்றே கட்டம் போதும். டாக்டர் கேட்கும் கேள்விக்கு ஆளாளுக்கு ஒன்று சொல்லாமல் நோட்டைக் காட்டிவிடலாம். முப்பது வருடம் ஆபீஸில் ரிஜிஸ்டர் எழுதிய கை சும்மா இருப்பானேன்?

மஞ்சள் காமாலை பற்றி ஒரு வார்த்தை. இரண்டு மூன்றாம் நாளில் முகமும் நெஞ்சும் லேசாக மஞ்சளிப்பது பல குழந்தைகளுக்கு வருவதுதான். பிறந்த 24 மணி நேரத்துக்குள் வந்தாலோ, உள்ளங்கை உள்ளங்கால் வரை இறங்கினாலோ அது வேறு விஷயம். காலை வெயிலில் காட்டிக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள். ரத்தத்தில் அளவு பார்த்து, தேவைப்பட்டால் நீல விளக்கின் கீழ் வைப்பார்கள்.

வீட்டில்

அடுப்படியில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். காலைக் காபி, சோறு வடிப்பது, பூண்டு உரிப்பது. பிள்ளை பெற்ற வீட்டில் பூண்டுக்குக் கணக்கே கிடையாது. பத்தியம் என்ற பெயரில் மகளுக்குத் தண்ணீரைக் குறைக்க மட்டும் விடாதீர்கள். தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கல், தையல் வலி, மூத்திர எரிச்சல் என்று வரிசையாக வரும். ஒரு லிட்டர் சொம்பில் ஆறவைத்த வெந்நீரை அவள் தலைமாட்டில் வைத்து, காலி ஆனதும் நிரப்புவது யார் மனதையும் நோகடிக்காத வழி.

அடுத்தது வாசல். குழந்தையைப் பார்க்க வரும் சொந்தத்தை மகள் தடுக்க முடியாது, பாட்டி தடுத்தால் பேச்சாகிவிடும். தாத்தா நாற்காலியை வாசலில் போட்டு, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் வைத்துவிட்டால் வருகிறவர்களே புரிந்துகொள்வார்கள். சளி பிடித்தவர்களை வாசலிலேயே உட்கார வைத்துக் காபி கொடுத்து அனுப்புங்கள். முகத்தில் முத்தம் கூடாது, நம் முத்தமும் சேர்த்துத்தான். போட்டோவைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்கு முன் மகளையும் மாப்பிள்ளையையும் கேட்டுக்கொள்ளுங்கள். அது அவர்கள் குழந்தை.

இரவில் ஒரு முறையாவது எழுந்திருங்கள். பால் கொடுப்பது தாயின் வேலை. கொடுத்து முடித்ததும் வாங்கி ஏப்பம் விட வைத்துத் தூங்கப் போடுவதற்கு அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணியை நாம் எடுத்துக்கொண்டால் மகள் உடனே கண்ணயரலாம். தோளில் ஒரு துணி போட்டுக்கொள்ளுங்கள். ஒரு உள்ளங்கை குழந்தையின் பிட்டத்தின் கீழே, மற்றது கழுத்தையும் பின்மண்டையையும் சேர்த்து. கழுத்து நிற்க மூன்று நான்கு மாதம் ஆகும் என்பதால் அந்தக் கையை எடுக்கவே கூடாது. தோளில் சாய்த்ததும், பிட்டத்தின் கீழ் இருக்கும் கையோடு முன்கையையும் சேர்த்து உடம்பைத் தாங்கிக்கொண்டு, மேலே கழுத்தைத் தாங்கும் கையின் விரல்களால் முதுகை மெல்லத் தட்டித் தடவ வேண்டும். பத்து நிமிடத்தில் ஏப்பம் வராவிட்டாலும் பரவாயில்லை, நிமிர்த்தி வைத்ததே போதும். விக்கலுக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கிடையாது, சித்திரை வெயிலிலும். கிரைப் வாட்டர், வசம்பு, உரை மருந்து, கழுதைப் பால் எல்லாம் இந்தக் கணக்கில் அடக்கம்.

அழுகைக்கு வருவோம். இரண்டாம் வாரத்தில் ஏறத் தொடங்கி, ஆறாம் வாரத்தில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தணியும். பெரும்பாலும் சாயங்காலத்தில்தான். "திருஷ்டி, சுத்திப் போடு" என்பார்கள். சுற்றிப் போடுவதால் கெடுதல் இல்லை, மிளகாய்ப் புகை குழந்தை பக்கம் வராதவரை. அதற்கு முன் பசியா, ஈரமா, வேர்க்கிறதா, இடுப்புக் கயிறு இறுக்கமா என்று பாருங்கள். பிறகு கால் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். தாயின் உதிர்ந்த முடியோ துணியின் நூலோ ஒரு விரலைச் சுற்றி இறுகி, விரல் வீங்கி நீலமாகியிருக்கும். துணியில் சுற்றி வைத்திருப்பதால் யார் கண்ணிலும் படாது. எதுவும் இல்லை என்றால் முன்கையில் குப்புறப் படுக்க வைத்து, தலை முழங்கை மடிப்பில் சாய, அறையில் மெதுவாக நடந்து பாருங்கள். நம் தடித்த குரல் இதற்கு நன்றாகவே வேலை செய்யும். பாட்டு வராதவர் பழைய பஸ் ரூட்டைச் சொல்லிக்கொண்டு நடக்கலாம், குழந்தைக்கு இரண்டும் ஒன்றுதான். எதற்கும் அடங்காமல் நமக்கே கோபம் வருகிறது என்றால் குழந்தையைப் பாயில் மல்லாக்கப் போட்டுவிட்டு ஐந்து நிமிடம் வெளியே போய் நில்லுங்கள். பிடித்து உலுக்கினால் மூளைக்குள் ரத்தம் கசியும். அழுவதால் எதுவும் ஆகிவிடாது.

தூளி கட்டுவது நம் பொறுப்பு. விட்டத்துக் கொக்கியில் முதலில் 25 கிலோ அரிசி மூட்டையைத் தொங்கவிட்டு ஆட்டிப் பாருங்கள். நைலான் சேலையில் முடிச்சு நழுவும். பருத்திச் சேலைதான் சரி. நடுவில் தொட்டில் கட்டை போட்டுத் துணியை விரித்து வைக்காவிட்டால் இரண்டு பக்கமும் முகத்தின் மேல் மூடிக்கொள்ளும். அடிப்பக்கம் தரையிலிருந்து ஒரு முழத்துக்கு மேல் போகக் கூடாது, கீழே ஒரு மெத்தை கிடக்கட்டும். கழுத்து நிற்காத மாதங்களில் குழந்தை தூளிக்குள் குறுகிக் கிடந்தால் தாடை நெஞ்சில் முட்டி மூச்சு அடைபடும். ஆகவே ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் ஆட்டுங்கள். தூங்கியதும் தட்டையான படுக்கையில் மல்லாக்க மாற்றிவிட வேண்டும். தலையணை வேண்டாம், கடுகுத் தலையணையும்தான்.

குளிப்பாட்ட வரும் பாட்டிமார்களோடு மோதுவது கடினம். எண்ணெய் தேய்ப்பதையும் காலில் போட்டு வெந்நீர் ஊற்றுவதையும் அவர்கள் திறமைக்கு விட்டுவிடலாம். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, மூக்கில் ஊதுவது, மார்க்காம்பைப் பிதுக்குவது, தொண்டைக்குள் விரல் விட்டுத் தொக்கம் எடுப்பது இந்த நான்கும் கூடாது. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குப் போனால் நிமோனியா. தொப்புள் கொடி தானாக உலர்ந்து விழும்வரை எதுவும் தடவ வேண்டாம். சாம்பிராணிப் புகையும் இல்லாமல் இருந்தால் நல்லது.

காய்ச்சல் விஷயத்தில் மட்டும் கை மருத்துவமே கூடாது. டிஜிட்டல் தெர்மாமீட்டரை அக்குளில் வைத்துப் பாருங்கள். 99.5 டிகிரியைத் தாண்டினால் துணியைத் தளர்த்திக் கால் மணி கழித்து மறுபடி பார்த்து, இறங்காவிட்டால் டாக்டரை அழையுங்கள். மூன்று மாதத்துக்குள்ளான குழந்தைக்கு 100.4 வந்தால் நள்ளிரவானாலும் மருத்துவமனைதான். பால் குடிக்க மறுப்பது, உடம்பு சில்லிடுவது, நெஞ்சு உள்ளே குழிவது, ஒரு முழு நிமிடம் எண்ணி மூச்சு 60-க்கு மேல் இருப்பது, வலிப்பு, இவற்றுக்கும் அதே. 108-ஐக் கூப்பிடுங்கள்.

மருந்துக் கடைக்குப் போகும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாரசிட்டமால் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்தாகவும் வரும், சிரப்பாகவும் வரும். சொட்டு மருந்தில் பொதுவாக ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம். சாதாரண சிரப்பில் ஐந்து மில்லிக்கு 125, அதாவது மில்லிக்கு 25. டாக்டர் சொட்டு மருந்துக்கு எழுதிய அளவை சிரப்பில் கொடுத்தால் காய்ச்சல் இறங்காது. சிரப்பின் அளவைச் சொட்டு மருந்தில் கொடுத்தால் நான்கு மடங்கு உள்ளே போகும், ஈரல் கெடும். சீட்டையும் பாட்டிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துவிட்டுக் கடையை விட்டு இறங்குங்கள்.

தடுப்பூசிக்கு அழைத்துப் போவது நல்ல வேலை. பிறந்ததும் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி, போலியோ சொட்டு, ஹெபடைடிஸ் பி. பிறகு 6, 10, 14 வாரங்களில். ஆரம்ப சுகாதார நிலையங்களில் புதன்கிழமை. பிசிஜி போட்ட இடது தோளில் சில வாரம் கழித்துச் சின்னக் கட்டி எழும்பிச் சீழ் வைத்து ஆறும். அமுக்கவும் வேண்டாம், மருந்தும் வேண்டாம். ஊசி போட்ட தொடையில் காபித்தூள் அப்பாதீர்கள்.

பிறப்புச் சான்றிதழும் தாத்தா தலையில்தான் விழும். குழந்தை எந்த ஊரில் பிறந்ததோ அந்த ஊரில்தான் பதிவு. சொந்த ஊர்ப் பஞ்சாயத்துக்கு ஓடிப் பயனில்லை. 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. தமிழ்நாட்டில் இதற்கு மகளின் கர்ப்பகாலப் பதிவு எண், பிக்மி எண் என்பார்களே, அது வேண்டும். பிரசவத்துக்கு முன்பே நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். ஆஸ்பத்திரியில் நிரப்பும் படிவத்தில் பெற்றோர் பெயர், இனிஷியல், ஆங்கில எழுத்துக் கூட்டல் மூன்றையும் ஆதார் அட்டையோடு ஒப்பிட்டுவிட்டால் பின்னால் அலைய வேண்டியதில்லை. பெயர் முடிவாகாவிட்டாலும் பதிவு செய்துவிடலாம், பெயர் சேர்க்க 12 மாதம் வரை கட்டணம் கிடையாது. நம் அப்பா பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று இந்த இடத்தில் நிற்காதீர்கள். அங்கே இன்னொரு தாத்தாவுக்கும் அப்பா உண்டு.

பேத்தி என்றால் செல்வமகள் கணக்குத் தொடங்க அஞ்சலகத்துக்குக் கிளம்புவோம். தாயோ தகப்பனோ இருக்கும்போது தாத்தா பாட்டி காப்பாளராகத் தொடங்க முடியாது. பெற்றோர் தொடங்கட்டும், பணத்தை நாம் அவர்களிடம் கொடுத்துவிடலாம். வருடத்துக்குக் குறைந்தது 250 ரூபாய், அதிகபட்சம் ஒன்றரை லட்சம்.

இவ்வளவு வேலையிலும் கஷ்டமானது வாயைக் கட்டுவதுதான். மாப்பிள்ளை வாரக் கடைசியில் வந்து குழந்தையைக் கோணலாகத் தூக்குவார், துணியைத் தலைகீழாகக் கட்டுவார். கழுத்துக்குக் கை கொடுக்கச் சொல்லுங்கள், மற்றதற்கு எழுந்து போய்விடுங்கள். நம் முன்னால் திட்டு வாங்கிய தகப்பன் அடுத்த வாரம் தூக்க மாட்டார். மகள் டாக்டர் சொன்னதை ஒன்றும், பாட்டி சொன்னதை ஒன்றுமாகச் செய்வாள். தீர்ப்பு சொல்லக் கூப்பிட்டால் "டாக்டரையே கேட்டுடுவோம்மா" என்பது போதும்.

மகளின் முகத்தையும் பார்த்துக்கொண்டிருங்கள். மூன்றாம் நாள் வாக்கில் காரணமில்லாத அழுகை வரும், இரண்டு வாரத்துக்குள் போய்விடும். அதற்கு மேலும் தூக்கமில்லாமல், சாப்பிடாமல், குழந்தையைப் பார்க்கப் பிடிக்காமல் இருந்தால் அது திமிரோ சோம்பலோ கிடையாது, வைத்தியம் பார்க்க வேண்டிய நோய். தனக்கோ குழந்தைக்கோ ஏதாவது செய்துகொள்வேன் என்பதுபோல் பேசினால் அன்றே டாக்டரிடம் போக வேண்டும், தனியே விடக் கூடாது. 14416 என்ற டெலி மனஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். "நாங்கல்லாம் பெத்து வளர்க்கலையா?" என்று வீட்டில் யாராவது ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ அவர்கள் கிளம்புவார்கள். தடுப்பூசி அட்டை, நோட்டு, அடுத்த ஊசி தேதி மூன்றையும் மாப்பிள்ளை கையில் கொடுங்கள். காரில் முன் சீட்டில் மடியில் வைத்துக்கொண்டு போக விடாதீர்கள். இரண்டு மணிக்கு ஒருமுறை நிறுத்திப் பால் கொடுக்கச் சொல்லுங்கள். வீடு வெறிச்சோடிப் போய், பின்னாலேயே அடுத்த வாரம் கிளம்பத் தோன்றும். சம்பந்தி வீட்டில் அவர்கள் முறை நடக்கட்டும், ஒரு மாதம் பொறுங்கள்.

அடுத்த தடவை அவர்கள் வரும்போது குழந்தை தவழும். வருவதற்கு முன் நாமே முட்டி போட்டு வீட்டை ஒரு சுற்று வந்தால் கண்ணில் படும்: கட்டிலடியில் உருண்ட சர்க்கரை மாத்திரை, ரிமோட்டிலிருந்து விழுந்த பட்டன் பேட்டரி, சாமி மாடத்துக் கற்பூரம், சுவரோரம் செருகிய கொசு மருந்து. சர்க்கரை மாத்திரை ஒன்றே குழந்தையை மயக்கத்தில் தள்ளப் போதும், பட்டன் பேட்டரி சில மணி நேரத்தில் உணவுக்குழாயைப் பொத்துவிடும். வெற்றிலை போடுகிறவர் சுண்ணாம்புப் பாக்கெட்டை மடியிலிருந்து எடுத்து அலமாரிக்கு மேல் தட்டில் வையுங்கள். குழந்தை அதைப் பிதுக்கினால் கண்ணில் தெறித்துக் கருவிழி வெந்துவிடும். குளியலறையில் தண்ணீர் பிடித்து வைத்த வாளிகளைக் கவிழ்த்துவிட்டு, கதவுக்கு வெளிப்பக்கம் உயரத்தில் ஒரு கொக்கி அடித்துவிடுங்கள்.